38 பிள்ளைகள் உள்ள பள்ளியின் கணக்கை எப்படிப் படிப்பது?

கேள்வி இது: "எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் படித்த காலத்தில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். இப்போது 38 பேர். ஆசிரியர்கள் சரியில்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். ஒன்றிய அரசின் பள்ளிப் புள்ளிவிவரத் தளமான யூடைஸில் எங்கள் பள்ளியின் விவரங்களைப் பார்த்தேன், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பள்ளியை மூடிவிடுவார்களா? இந்த எண்களிலிருந்து என்னதான் தெரிந்துகொள்ள முடியும்?"

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். 38 பேர் இருக்கும் பள்ளியை யாரும் மூடப் போவதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தில் (2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது) ஒரு தொடக்கப் பள்ளிக்குக் குறைந்தபட்சம் இத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று எங்கும் இல்லை. அதன் அட்டவணை "60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள்" என்றுதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டு விதிகளின்படி ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். 2019இல் இங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நூலகமாக மாற்றியபோதுகூட, ஒரு பிள்ளையும் சேராத பள்ளிகளைத்தான் எடுத்தார்கள். ஆகவே மூடுவதைப் பற்றிய பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு எண்களுக்கு வருவோம்.

மொத்த எண்ணை மறந்துவிடுங்கள். வகுப்புவாரி வரிசையைப் பாருங்கள். ஒரு கணக்குக்காக இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்வோம், இரண்டிலும் 38 பேர். முதல் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் 11, நான்கில் 9, மூன்றில் 8, இரண்டில் 5, ஒன்றில் 5. இரண்டாவது பள்ளியில் ஐந்தில் 4, நான்கில் 5, மூன்றில் 8, இரண்டில் 9, ஒன்றில் 12. ஒன்றாம் வகுப்பில் இதே அளவு சேர்க்கை தொடர்ந்தால் முதல் பள்ளி அடுத்த ஜூனில் 32, அதற்கடுத்து 28, பிறகு 25 என்று இறங்கி அங்கே நிற்கும். இரண்டாவது பள்ளி 46, 53, 57 என்று ஏறி 60இல் போய் நிற்கும். தளத்தின் முகப்பில் இரண்டும் 38தான். உங்கள் பள்ளி இதில் எந்த வகை என்று தெரியாமல் ஊர்க் கூட்டத்தில் பேசாதீர்கள்.

அடுத்து, ஒரே ஆண்டின் வரிசையை மட்டும் பார்க்காமல் பழைய ஆண்டுகளையும் எடுத்துக் குறுக்காகப் படிக்க வேண்டும். 2021-22இல் ஒன்றாம் வகுப்பில் இருந்தவர்கள்தான் 2025-26இல் ஐந்தாம் வகுப்பில் இருப்பவர்கள். அன்று 15, இன்று 11 என்றால் நடுவில் நான்கு பேர் போயிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் விதியை மாற்றிய பிறகும் மாநிலம் பழைய நிலையிலேயே இருக்கிறது. அதனால் குறுக்குக் கணக்கில் விழும் ஓட்டையைத் "தேர்ச்சி பெறவில்லை" என்று சொல்ல இடமில்லை. அந்தப் பிள்ளைகள் வேறு பள்ளிக்கோ வேறு ஊருக்கோ போயிருக்கிறார்கள்.

இந்தக் குறுக்குக் கணக்கில் ஒரு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். கொரோனா ஆண்டுகளில், கட்டணம் கட்ட வழியில்லாமலும் வகுப்பே நடக்காத பள்ளிக்கு எதற்குப் பணம் என்றும், நிறைய பேர் தனியாரை விட்டு அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். 2021-22 பல பள்ளிகளுக்கு இயல்புக்கு மீறிய உயரம். அந்த உச்சியிலிருந்து அளந்தால் எல்லாப் பள்ளியும் சரிவதாகத்தான் தெரியும். அதோடு 2022-23 முதல் யூடைஸ் பிளஸ், பள்ளி தரும் மொத்தக் கணக்கை விட்டுவிட்டு ஒவ்வொரு பிள்ளையையும் பெயர்வாரியாக எடுக்கத் தொடங்கியது. நாடு முழுக்க 2021-22இல் 26.52 கோடியாக இருந்த சேர்க்கை 2022-23இல் 25.17 கோடிக்கு இறங்கியதில் இந்த முறை மாற்றத்துக்கும் பங்கு உண்டு. இரண்டு பள்ளிகளில் பெயர் இருந்த பிள்ளைகள், பதிவேட்டில் மட்டும் வாழ்ந்த பிள்ளைகள் என்று கொஞ்சம் களை நீங்கியது. தமிழ்நாட்டில் மாநில அரசின் மாணவர் பதிவுத் தளமான எமிஸ் அதற்கு முன்பே பெயர்வாரியாக இருந்ததால், இங்கே சரிவுக்குக் காரணம் தேடும்போது கணக்கு முறையை மட்டும் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

சரி, பிள்ளைகள் எங்கே போனார்கள்? ஊரில் எல்லோரும் முதலில் ஆசிரியரைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது, ஊரில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்பது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. இந்தியத் தலைமைப் பதிவாளரின் மாதிரிப் பதிவுக் கணக்கில் 2020இல் 1.4. எதை எடுத்துக்கொண்டாலும், மக்கள்தொகை குறையாமல் நிற்கத் தேவையான 2.1-க்குக் கீழே. உங்கள் தலைமுறையில் ஒரு வீட்டுக்கு மூன்று பேர் அந்தப் பள்ளிக்கு நடந்து போனீர்கள், இன்று அதே வீட்டில் ஒரு பிள்ளையோ இரண்டோதான். அந்த ஒன்றையும் தூக்கிக்கொண்டு பெற்றோர் திருப்பூருக்கோ ஒசூருக்கோ போயிருந்தால் அந்த வீட்டிலிருந்து வர யாருமே இல்லை.

இதைச் சரிபார்க்கக் கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சியிலோ பிறப்புப் பதிவேட்டைக் கேட்டுப் பயனில்லை. பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். இன்று பிரசவங்கள் கிட்டத்தட்ட எல்லாமே மருத்துவமனையில் என்பதால் உங்கள் ஊரில் பிறந்தவர்கள் என்று அந்தப் பதிவேட்டில் ஆளே இருக்க மாட்டார்கள். சரியான இடம் அங்கன்வாடி. தன் எல்லைக்குள் இருக்கும் ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளின் கணக்கெடுப்புப் பதிவேடு பணியாளரிடம் இருக்கும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்ப காலப் பதிவான பிக்மி கணக்கும் இருக்கும். 2025 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வர வேண்டியவர்கள் 2019 நடுவிலிருந்து 2020 நடு வரை பிறந்தவர்கள். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது நிறைந்தால் போதும், 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதையே வைத்துக்கொண்டது. அந்த ஓராண்டுக் குழந்தைகளின் பட்டியலை எழுதி வாங்குங்கள். 9 பேர் இருந்து 5 பேர் உங்கள் பள்ளியில் சேர்ந்திருந்தால் அது ஒரு கதை. 24 பேர் இருந்து 5 பேர் சேர்ந்திருந்தால் அது முற்றிலும் வேறு கதை. முதலாவதில் எந்த ஆசிரியரை மாற்றினாலும் பத்துப் பேர் வர மாட்டார்கள்.

இரண்டாவது கதையாக இருந்தால், போனவர்கள் எந்த வயதில் போனார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் விடை ஐந்து வயது இல்லை, மூன்று. தனியார் நர்சரிப் பள்ளி எல்கேஜியில் மூன்று வயதிலேயே சேர்த்துக்கொள்கிறது. வேன் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஒருமுறை வேனில் ஏறிய பிள்ளை, ஐந்து வயதானதும் இறங்கி உங்கள் பள்ளிக்கு நடந்து வருவது அரிது. அரசு 2019 ஜனவரியில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது உண்மைதான், ஆனால் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் மட்டும். உங்கள் பள்ளி போன்ற சிறிய தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்கு வெளியே. இன்னொன்று, கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறது, கட்டணத்தை அரசு தருகிறது. அந்தத் தொடக்க வகுப்பும் எல்கேஜிதான். தனிப்பட்ட குடும்பத்துக்கு அது நல்ல வாய்ப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரசே ஒரு கையால் சேர்க்கைப் பேரணி நடத்திக்கொண்டு மறுகையால் அதே ஊர்ப் பிள்ளைக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் கட்டுகிறது என்பதை ஒன்றாம் வகுப்பு எண்ணைப் பார்க்கும்போது நினைவில் வைத்திருங்கள். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பரவலாகத் திறந்தும் சரிவு நிற்காததற்கு என் வரையில் இதுவே பெரிய காரணம். ஆங்கிலம் ஐந்து வயதில் கிடைக்கிறது, முடிவோ மூன்று வயதில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

ஆறாம் வகுப்பில் காற்று மாறி வீசுவதையும் பார்க்கலாம். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு (2020), மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) ஆகிய எல்லாவற்றுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதுதான் அடிப்படை. ஐந்து வரை தனியாரில் படிக்க வைத்துவிட்டு ஆறில் அரசுப் பள்ளிக்கு வரும் குடும்பங்கள் இருக்கின்றன. இந்தச் சலுகைகள் எதுவும் தொடக்கப் பள்ளியின் வாசலில் ஒரு பிள்ளையையும் கொண்டுவந்து விடுவதில்லை. தொடக்கப் பள்ளிக்கென்று வந்த பெரிய ஈர்ப்பு காலை உணவுதான். 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அது வருகையைக் கூட்டும். ஏற்கெனவே வேனில் போகும் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவருமா என்றால், எனக்கு நம்பிக்கை குறைவு.

இனி பிள்ளைகள் யார் என்ற பக்கம். மொத்த எண்ணைவிட அதிகம் பேசுவது இதுதான், ஆனால் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆண், பெண் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆணுக்கு 943 பெண். அதாவது நூறு பிள்ளைகளில் பெண்கள் 48 அல்லது 49 பேர் இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் ஐந்தாறு ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்து பெண்கள் 55, 60 சதவீதம் என்று வந்தால், ஊரில் பெண் குழந்தைகள் கூடுதலாகப் பிறந்தார்கள் என்று அர்த்தமில்லை. பையனை வேனில் ஏற்றிவிட்டுப் பெண்ணை நடத்தி அனுப்புகிறார்கள். ஒரே ஆண்டை வைத்து இந்த முடிவுக்கு வராதீர்கள். 38 பேரில் 21 பெண், 17 ஆண் என்பது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தை பிறந்தாலே சதவீதம் ஆடிப்போகும் அளவு பள்ளி இது.

சமூக வாரியான கட்டங்கள் அடுத்து. எமிஸில் தமிழ்நாட்டுப் பிரிவுகள் இருக்கும்: பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., சீர்மரபினர், எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. யூடைஸில் பொது, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. என்று நான்குதான். பி.சி.யும் எம்.பி.சி.யும் முஸ்லிமும் சீர்மரபினரும் ஒரே ஓ.பி.சி. கட்டத்தில் போய் விழுவார்கள். அதனால் யூடைஸ் அறிக்கையில் "ஓ.பி.சி. 60 சதவீதம்" என்று பார்த்தால் எதுவும் தெரியாது. தலைமையாசிரியரிடம் எமிஸ் கணக்கைக் கேளுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பி.சி. பட்டியலில் வருவார்கள். கிறித்தவர்கள் நிறைந்த காலனி ஒன்று பள்ளிக்கு அருகில் இருந்தால், காகிதத்தில் எஸ்.சி. குறைவாகவும் பி.சி. அதிகமாகவும் தெரியும். சிறுபான்மையினர் என்ற கட்டம் தனிக் கணக்கு, அதைச் சாதிக் கட்டங்களோடு சேர்த்துக் கூட்டினால் நூற்றுக்கு மேல் போகும்.

மாநில மக்கள்தொகையில் எஸ்.சி. 20 சதவீதம் (2011). பள்ளி ஊருக்குள் இருக்கிறது, காலனி தள்ளி இருக்கிறது, ஆனால் பள்ளியில் எஸ்.சி. பிள்ளைகள் 70, 80 சதவீதம் என்றால் அதைப் "பட்டியலினச் சேர்க்கை உயர்வு" என்று அறிக்கையில் எழுதுவார்கள். பத்தாண்டுக்கு முந்தைய தலையெண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். காலனியிலிருந்து அன்று 30, இன்றும் 30. ஊருக்குள்ளிருந்து அன்று 70, இன்று 8. உயர்ந்தது சதவீதம் மட்டும்தான். மற்றவர்கள் வெளியேறியிருக்கிறார்கள். ஏன் வெளியேறினார்கள் என்பதற்கு வசதி ஒரு காரணம், ஆங்கில மோகம் இன்னொன்று, வாய்விட்டுச் சொல்லாத மூன்றாவதும் உண்டு. 2023இல் காலை உணவுத் திட்டத்தில் பட்டியலினப் பெண் சமைத்ததை உண்ணக் கூடாது என்று கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்ததும் அதிகாரிகள் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்ததும் செய்தியில் வந்தது. "ஆசிரியர் சரியில்லை" என்ற பேச்சு எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். எஞ்சியிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அதையே சொன்னால் அதற்கு எடை அதிகம்.

வேறு சில கட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறன் குழந்தைகளில் சிலர் வீட்டுவழிக் கல்வியில் இருப்பார்கள், பெயர் உங்கள் பள்ளியில் இருக்கும், பிள்ளை வகுப்பில் இருக்காது, அது மோசடி இல்லை. வயதுக்கு மீறிய பிள்ளைகள் ஒரு வகுப்பில் இருந்தால், செங்கல் சூளைக்கோ ஆலைக்கோ வந்த வெளிமாநிலக் குடும்பமாக இருக்கலாம். சட்டம் அவர்களை வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்கச் சொல்கிறது. அவர்கள் ஆண்டு நடுவில் வருவார்கள், நடுவில் போவார்கள், உங்கள் குறுக்குக் கணக்கைக் கலைப்பார்கள். தாய்மொழிக் கட்டத்தில் இந்தி, ஒடியா என்று வந்தால் அவர்களைத் தனியாக எடுத்து எண்ணுங்கள்.

எண்ணிக்கையால் என்ன மாறும் என்றால், ஆசிரியரும் பணமும். ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியாளர் நிர்ணயம் நடக்கும். 60 வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. 61 பேரில் ஒரு பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனால் ஒரு ஆசிரியர் "உபரி" ஆவார், பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். உங்கள் 38-க்கு 2 ஆசிரியர், அதாவது ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர், எமிஸ் பதிவும் கூட்டமும் உணவுக் கணக்கும் அவர் தலையில். இன்னொருவரை மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டால் அது ஓராசிரியர் பள்ளி. "பாடம் நடப்பதில்லை" என்று ஊர் சொல்வதில் உண்மை இருந்தால், அதன் வேர் பெரும்பாலும் இங்கே இருக்கிறது. எண்ணிக்கை குறைந்ததால் ஆசிரியர் குறைந்தார், ஆசிரியர் குறைந்ததால் எண்ணிக்கை மேலும் குறைந்தது. ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் பள்ளி மானியமும் படிக்கட்டாகத்தான் இருக்கிறது: 30 பேர் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 வரை 50,000. நான் மேலே சொன்ன முதல் வகைப் பள்ளி 28-க்கு இறங்கும் ஆண்டில் மானியத்தில் பாதிக்கு மேல் போய்விடும். மின்கட்டணமும் சுண்ணாம்பும் துடைப்பமும் 28 பேர் என்பதற்காகக் குறைவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரு மாலை வேலை. அங்கன்வாடிப் பட்டியலையும் பள்ளியின் கிராமக் கல்விப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று வயது முதல் பத்து வயது வரையிலான ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே எங்கே படிக்கிறது, எந்த ஆண்டு அங்கே போனது என்று எழுதுங்கள். குழுவில் இருக்கும் பெற்றோருக்கு இதில் முக்கால்வாசி மனப்பாடமாகத் தெரியும், அவர்கள்தானே பக்கத்து வீடு. சாதியைப் பெயரோடு சேர்த்து எந்தத் தாளிலும் எழுதாதீர்கள், வாட்ஸ்அப்பில் போடவே போடாதீர்கள். தெருவாரி எண்ணிக்கை போதும்.

பிறகு, இன்னும் எங்கும் சேராத மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் போங்கள். ஆறாவது, ஏழாவது வயதில் வேனில் போகும் பிள்ளையின் வீட்டில் நேரத்தைச் செலவிடாதீர்கள், கட்டணம் கட்ட முடியாத நிலை வந்தால் அவர்களே வருவார்கள். அப்படி வருபவர்களிடம் பழைய பள்ளி பாக்கியைக் காட்டி மாற்றுச் சான்றிதழைத் தராமல் இழுத்தடிப்பது உண்டு. சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஆனால் பழைய பள்ளி எமிஸில் அந்தப் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காவிட்டால், பிள்ளை உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும், கணக்கு மட்டும் அங்கே இருக்கும். தலைமையாசிரியர் ஒருவராகப் போராடினால் நாள் ஆகும். குழுவின் தீர்மானத்தோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், ஜூலை முடிவதற்குள். ஆகஸ்ட் 1க்குப் பிறகு அந்தப் பெயர் வந்து சேர்ந்தால் அந்த ஆண்டின் ஆசிரியர் கணக்கில் அது ஏறாது.